மூத்த வயதில் மோட்டார் பொருத்திய சைக்கிள்: ஏறுவதிலிருந்து இறங்குவது வரை

மோட்டார் பொருத்திய முதல் மாதத்தில் நான் ஒரே ஒரு முறைதான் விழுந்தேன். அப்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை. நிறுத்திவிட்டு, ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கி இறங்க முயன்றபோது, கேரியரின் மேல் புதிதாக அமர்ந்திருந்த பேட்டரியில் குதிகால் தட்டியது. பழைய நிலையில் இருந்த சைக்கிளாக இருந்தால் ஒரு கையால் இழுத்து நிமிர்த்தியிருப்பேன். ஏறத்தாழ எட்டுக் கிலோ எடை கூடிவிட்ட வண்டியோ, சாய்வு ஓர் அளவைத் தாண்டியதும் என்னையும் சேர்த்துக் கீழே கொண்டுபோய்விட்டது. உள்ளங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

மின் உதவியுள்ள சைக்கிளில் மூத்தவர்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். வேகமும் ஒரு காரணம்தான். ஆனால் ஏறுதல், புறப்படுதல், நிற்றல், இறங்குதல் என்ற நான்கு செயல்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நொடிகளே நீடிக்கும் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. எடையும் மோட்டாரும் வயதும் சந்தித்துக்கொள்ளும் இடம் அதுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த நொடிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே சைக்கிள் ஓட்டத் தெரிந்து, அறுபதைக் கடந்து, தம்முடைய வண்டியை மோட்டார் வண்டியாக மாற்றிக்கொண்டவர்களும் மாற்ற நினைப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

வண்டியும் மோட்டாரும்

மாற்றுவதற்கு எந்தச் சைக்கிள் ஏற்றது என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது: இரும்புச் சட்டம், இரும்பு ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), அகலமான டயர், நன்றாக வேலை செய்யும் பிரேக், தாழ்ந்த நடுக்கம்பி. கடைசியாகச் சொன்னதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். லேடீஸ் சைக்கிள் என்று சொல்லப்படும் வண்டியைக் கண்டால் முகம் சுளிக்கும் ஆண்கள் உண்டு. இடுப்பு மூட்டுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. காலைப் பின்னால் தூக்கிச் சுழற்றாமல், முன்பக்கமாக நுழைத்து ஏறவும் இறங்கவும் முடிகிற வண்டி, மோட்டாரின் திறனைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

மோட்டாரை மூன்று இடங்களில் வைக்கலாம்: முன்சக்கரத்தின் நடுவில், பின்சக்கரத்தின் நடுவில், மிதிகள் சுழலும் அச்சில். முன்சக்கர மோட்டார் பொருத்துவதற்கு மிக எளிது. செயினையும் கியரையும் தொட வேண்டியதில்லை. ஆனால் மணல், ஈரமான இலைச்சருகு, சரளை ஆகியவற்றின் மேல் முன்சக்கரம் பிடி தவறிச் சுழன்றால் வண்டியை மீட்பது கடினம். அதிலும் திருப்பத்தில் மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தால் மீட்க நேரமே இருக்காது. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நடு மோட்டார் மலைப்பாங்கான பாதைகளுக்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அது கியர்களின் வழியாகவே வேலை செய்கிறது. அதற்கு விலையாகச் செயினும் பற்சக்கரங்களும் சீக்கிரம் தேய்கின்றன. சமதளத்திலும் மிதமான ஏற்றங்களிலும் ஓட்டுபவருக்கு, உள்ளே சிறு பற்சக்கரங்கள் கொண்ட பின்சக்கர மோட்டார் போதும். மோட்டாரை அணைத்துவிட்டால் அது ஏறக்குறைய சாதாரணச் சக்கரம் போலவே உருளும். பற்சக்கரம் இல்லாத நேரடி வகை மோட்டார் கனமானது. அணைத்திருக்கும்போதும் காந்த இழுவையால் மிதிப்பவரைக் கொஞ்சம் தடுக்கும். பேட்டரி தீர்ந்து நடுவழியில் நிற்கும் நாளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

சக்கரத்தின் நடுவில் வைக்கும் எந்த மோட்டாருக்கும் ஒரு பொது விதி உண்டு. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே விசையுடன், அதன் அச்சு பின்னோக்கித் திருகிக்கொள்ளப் பார்க்கும். அந்த அச்சைப் பிடித்துவைத்திருப்பது சட்டத்தின் நுனியிலுள்ள சிறு பிளவு மட்டுமே. அலுமினியப் பிளவு எந்த முன்னறிவிப்பும் இன்றி உடைந்துவிடக்கூடும். முன்பக்கத்தில் அப்படி உடைந்தால் சக்கரமே கழன்று வந்துவிடும். அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையைப் பொருத்தினால் இந்த அபாயம் பெரிதும் குறைகிறது. அலுமினிய ஃபோர்க்கில், குறிப்பாக ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கில், முன் மோட்டாரே வேண்டாம் என்பது என் கருத்து. கார்பன் ஃபோர்க்கில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மோட்டார் பொருத்தித் தருபவர் டார்க் ஆர்ம் அவசியமில்லை என்று சொன்னால், வேறொருவரைத் தேடுங்கள்.

திறனைப் பொறுத்தவரை 250 வாட் மோட்டார் ஒருவருக்குத் தாராளமாகப் போதும். பல நாடுகளின் சட்டவிதிகளும் அந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரையுள்ள மோட்டார், மிதிக்கும்போது மட்டும் உதவி செய்து, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவியை நிறுத்திக்கொண்டால், அது சைக்கிளாகவே கருதப்படும். நீங்கள் இருக்கும் நாட்டின் வரம்பைத் தெரிந்துகொண்டு, மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் என்ற மின்பெட்டியில் வேகத்தை அதற்கும் சற்றுக் கீழே பூட்டிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான திரைகளில் அதற்கான அமைப்பு இருக்கும்.

உடலின் கணக்கு

மாத்திரைச் சீட்டை ஒரு முறை இந்த நோக்கில் படித்துப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குத் தலையில் படும் சிறு அடிகூட உள்ளே கசிவை ஏற்படுத்தலாம். அவர் தலைக்கவசம் இல்லாமல் தெரு முனை வரைகூடப் போகக் கூடாது, தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகள் சில, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரும். சைக்கிளிலிருந்து இறங்கும் நொடியிலும் அதே சுற்றல் வரக்கூடும். பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவரின் நாடித் துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி உழைப்பை அளவிட முடியாது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் எளிய அளவுகோல் பேச்சுதான்: ஓட்டிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் உழைப்பு மிதமாக இருக்கிறது, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் உதவியின் அளவை ஒரு படி உயர்த்த வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், மோட்டாரிலும், மிதி சுழல்வதை அறியும் சென்சார் அமைப்பிலும் காந்தங்கள் இருப்பதால், பழுது பார்க்கக் குனிந்து அவற்றை நெஞ்சுக்கு அருகில் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. தம் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழுத்து முன்புபோலத் திரும்பாது. திரும்பினாலும் அந்தத் திருப்பத்தோடு கைப்பிடியும் சேர்ந்து திரும்பிவிடும். ஆகவே கைப்பிடியின் நுனியில் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு காரணங்கள் சொல்லி அதை மறுத்துவந்த எனக்கு, இப்போது அது இல்லாமல் சாலையில் இறங்கத் துணிவு வருவதில்லை. கண்புரை தொடங்கியவர்களுக்கு அந்திப் பொழுதின் எதிரொளி மிகவும் துன்பம் தரும். அவர்கள் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீடு திரும்பும்படி பயணத்தைத் திட்டமிட வேண்டும். கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்குக் மிதிக்காமலே மோட்டாரை ஓட வைக்கும் த்ராட்டில் கட்டைவிரலால் அழுத்தும் வகையாக இருந்தால் வலியைத் தரும். அவர்கள் மிதிக்கும்போது மட்டும் உதவும் அமைப்பை நம்பியிருப்பதே நல்லது.

இவ்வளவு எச்சரிக்கை இருந்தால் மோட்டார் எதற்கு என்று கேட்கலாம். 2019இல் வெளிவந்த, ரெடிங், ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று, ஐம்பது வயதைக் கடந்தவர்களை எட்டு வாரங்களுக்கு, வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டச் செய்தது. ஒரு குழு சாதாரணச் சைக்கிளிலும் இன்னொரு குழு மின் உதவிச் சைக்கிளிலும் ஓட்டியது. சிந்தனையைக் கட்டுப்படுத்தும் திறனில் சில முன்னேற்றங்கள் இரு குழுவினரிடமும் தெரிந்தன. மோட்டார் வைத்தால் சோம்பல் வந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். மிதிப்பவர் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஏறுவதும் இறங்குவதும்

இருக்கையின் உயரத்திலிருந்து தொடங்க வேண்டும். முழங்காலுக்கு ஏற்ற உயரம் என்பது, மிதி கீழே இருக்கும்போது குதிகால் அதைத் தொட்டபடி கால் நேராக நீள்வது. அந்த உயரத்தில் அமர்ந்தால் பாதங்கள் தரையைத் தட்டையாகத் தொடாது. இளைஞர்கள் அந்த உயரத்தில்தான் ஓட்ட வேண்டும். நாம் முதல் சில வாரங்களுக்கு இருக்கையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தி, இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் உறுதியாக ஊன்றும்படி வைத்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு அது முழுமையான உயரம் இல்லைதான், ஆனால் மோட்டார் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் அந்தக் குறை சிறிதாகிவிடுகிறது. பழகியபின் அரை அரைச் சென்டிமீட்டராக உயர்த்தலாம்.

ஏறும்போது மோட்டார் அணைந்திருக்க வேண்டும். இதை ஒரு சடங்குபோலக் கடைப்பிடியுங்கள். மிதியின் அச்சில் காந்தங்கள் பதித்த வட்டத் தட்டும் அதைப் படிக்கும் சென்சாரும் உள்ள எளிய வகை அமைப்பில், மிதி சுழல்கிறதா என்பது மட்டுமே மோட்டாருக்குத் தெரியும்; நீங்கள் ஏறி அமர்ந்துவிட்டீர்களா, ஒரு காலில் தத்திக்கொண்டிருக்கிறீர்களா என்பது தெரியாது. ஒரு காலை மிதியில் வைத்து மறு காலால் உந்தி, ஓடும் வண்டியில் தாவி ஏறும் பழைய வழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது. உந்தும்போது மிதி கொஞ்சம் சுழன்றாலும் மோட்டார் விழித்துக்கொண்டு வண்டியை உங்களுக்கு முன்னால் இழுத்துச் சென்றுவிடும்.

சரியான முறை மெதுவானது. வண்டியின் இடது பக்கம் நின்று, இரு பிரேக்குகளையும் அழுத்திப் பிடித்து, வண்டியை உங்களை நோக்கிச் சற்றே சாய்த்து, காலை நடுக்கம்பிக்கு மேலாக முன்பக்கத்தில் நுழைத்து, இரு கால்களையும் தரையில் ஊன்றி, வண்டியை நிமிர்த்தி, அதன்பின் அமருங்கள். நடுக்கம்பி உயரமாக இருந்து காலைப் பின்னால்தான் தூக்க வேண்டும் என்றால், கேரியரில் எதையும் உயரமாக வைக்காதீர்கள். பேட்டரியைச் சட்டத்தின் நடுவே, கீழ்க்கம்பியின் மேல் பொருத்துவது எடையைத் தாழ்வாகவும் நடுவிலும் வைக்கும், காலுக்கும் வழி விடும். அமர்ந்து, கைப்பிடியைப் பிடித்து, சாலையைப் பார்த்து, மூச்சு சீரான பிறகு மோட்டாரின் பொத்தானை அழுத்துங்கள்.

இறங்குவது இதன் தலைகீழ் வரிசை. வண்டி முழுவதும் நின்று, இரு கால்களும் தரையில் ஊன்றி, பிரேக் அழுத்தத்தில் இருக்கும்போதே மோட்டாரை அணைத்துவிட வேண்டும். பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முறுக்கும் வகை த்ராட்டில் உள்ள வண்டியில் இந்த வரிசை மாறினால் விளையும் விபத்து பலருக்கும் ஒரே மாதிரி நடக்கிறது: இறங்கியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார், எதிலோ தடுக்கிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார், த்ராட்டில் திரும்புகிறது, வண்டி பாய்கிறது, பயத்தில் பிடி இன்னும் இறுகுகிறது. இறுக்கினால் வேகம் கூடும் ஒரு கருவியை, பயந்தால் இறுக்கும் கைகளில் கொடுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முறுக்கும் த்ராட்டிலைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் வகையைப் பொருத்துவது சிறிய வேலை. த்ராட்டிலே இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

சரிவில் நிறுத்தி இறங்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். தரை அந்தப் பக்கத்தில்தான் காலுக்கு அருகில் இருக்கும். இவ்வளவையும் வெறுமையான ஒரு திடலில் இருபது முறை செய்து பார்த்த பிறகே சாலைக்குப் போக வேண்டும். இருபது முறை என்பதை நான் சும்மா சொல்லவில்லை. ஏழெட்டு முறைக்குள் கை தானாகப் பழைய வழக்கத்துக்குப் போவதை நீங்களே காண்பீர்கள்.

வண்டி சாயத் தொடங்கிவிட்டால் ஒரே அறிவுரைதான்: விட்டுவிடுங்கள். இருபத்தாறு கிலோ எடையை விழும் நிலையிலிருந்து ஒரு கையால் மீட்கப் பார்ப்பது தோள்மூட்டுக்கும் முதுகுக்கும் கேடு. சைக்கிளின் கீறலைப் பெயின்ட் அடித்து மறைக்கலாம்.

புறப்படுதல்

எளிய வகைச் சென்சார் உள்ள வண்டியில் மிதி கால் சுற்றோ அரைச் சுற்றோ சுழன்ற பிறகே மோட்டார் உதவத் தொடங்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு நொடிக்குள்ளாக ஒரு சிறு நேரம் தொடர்ந்து தள்ளும். இந்த இரண்டு தாமதங்களையும் உடலால் கற்றுக்கொள்ள வேண்டும். மிதியின் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள அமைப்பில் இந்தத் தாமதம் ஏறக்குறைய இல்லை. காலின் விசையைப் பெருக்கிக் கொடுப்பதுபோல இயல்பாக இருக்கும். வசதி இருந்தால் மூத்தவர்கள் அதற்குச் செலவு செய்யலாம் என்பேன். அதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: சிக்னலில் நிற்கும்போது காலை மிதியின் மேல் பாரமாக வைத்திருந்தால் மோட்டார் அதை மிதிப்பதாக எடுத்துக்கொண்டு தள்ளப் பார்க்கும். நிற்கும்போது பிரேக்கை விடாதீர்கள்.

புறப்படுவதற்கு முன் உதவியை மிகக் குறைந்த படிக்கும், கியரைச் சற்று எளிதான பல்லுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மிதியை மேலே, சற்று முன்பக்கமாக நிறுத்தி, அந்தக் காலால் கீழ்நோக்கி உறுதியாக மிதித்து, வண்டி நேராக நகரத் தொடங்கியதும் மறு கால் தரையை விட வேண்டும். அகலமற்ற பாதையில், பாதசாரிகளுக்கு நடுவில், அல்லது வளைவின் தொடக்கத்தில் நின்றிருந்தால் மோட்டாரை அணைத்துவிட்டு, வெறும் காலால் பத்து மீட்டர் ஓட்டிவிட்டுப் பிறகு உதவியைக் கூப்பிடலாம். நடைவேகத்துக்கும் குறைவாக ஓடும்போது மோட்டாரின் சிறு தள்ளலும் சமநிலையைக் குலைக்கும். அந்த வேகத்தில் நம்முடைய கால் மட்டுமே நுணுக்கமானது.

நிறுத்துதல்

மாற்றப்பட்ட சைக்கிளின் பலவீனம் பிரேக்கில் இருக்கிறது. அது பழைய எடைக்கும் பழைய வேகத்துக்குமாக வடிவமைக்கப்பட்டது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடியில் கூடுகிறது என்பதால், 15 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல 25 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றலைப் பிரேக் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். தூரத்திலும் கணக்குப் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 15 கி.மீ. வேகத்தில் அதற்குள் 6 மீட்டரும், 25 கி.மீ. வேகத்தில் 10 மீட்டருக்கு மேலும் வண்டி கடந்துவிடும். அதன்பின் மிதமாகப் பிடித்து நிறுத்தும் தூரத்தையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 9 மீட்டர், 18 மீட்டர் என்று இரட்டிப்பாகிறது. நான் நெரிசலில் 15ஐயும், திறந்த சாலையில் 20ஐயும் தாண்டுவதில்லை. யாரும் என்னை முந்திக்கொண்டு போவதால் எனக்கு நஷ்டம் இல்லை.

பிரேக் கட்டைகளையும் கேபிள்களையும் மோட்டார் பொருத்தும் அதே நாளில் புதிதாக்கிவிடுங்கள். சட்டத்தில் இடம் இருந்தால் முன்பக்கத்துக்காவது டிஸ்க் பிரேக் வைப்பது மழைக்காலத்தில் பெரும் துணை. கைப்பிடி நெம்புகோலுக்குள் சிறு சுவிட்ச் உள்ள பிரேக்குகள் மோட்டார்த் தொகுப்போடு வரும். நெம்புகோலைத் தொட்டதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அவை துண்டித்துவிடும். பொருத்துவதற்குச் சோம்பல்பட்டு அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். மிதிப்பதை நிறுத்தியபின்பும் மோட்டார் சிறிது நேரம் தள்ளும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தத் தள்ளலோடு பிரேக் மல்லுக்கட்டாமலிருக்க இந்தச் சுவிட்ச் வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன், பின்சக்கரத்தைத் தூக்கி, மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டு, நெம்புகோலைத் தொட்டதும் அது ஓய்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். முன் மோட்டாராக இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும்.

நிறுத்தும் விசையில் பெரும்பங்கு முன் பிரேக்கிலிருந்து வருகிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற அச்சத்தில் வாழ்நாள் முழுவதும் பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தியவர்கள், கனம் கூடிய இந்த வண்டியில் அதை மறு கற்றலாகக் கற்க வேண்டும். திடலில், நேர்க்கோட்டில், இரண்டையும் ஒரே நேரத்தில் படிப்படியாக இறுக்கி, கைகளை விறைக்காமல், உடலைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பழகுங்கள். திருப்பத்துக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மிதிப்பதையும் நிறுத்திவிட்டு உள்ளே போய், வண்டி நிமிர்ந்த பிறகு மீண்டும் மிதியுங்கள். நிற்பதற்கு முன்னரே எளிய கியருக்கு மாற்றிவிட வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செயின் கியர்களை நின்றபின் மாற்ற முடியாது, கனமான கியரில் புறப்படும் தடுமாற்றம்தான் சிக்னல்களில் பலரையும் சாய்க்கிறது.

ஏற்றமும் எதிர்காற்றும்

மோட்டாரின் உண்மையான பயன் இங்கே இருக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 150 வாட் தேவைப்படும். பழக்கமுள்ள மூத்தவர் ஒருவர் அதில் பாதியை மூச்சு வாங்காமல் தொடர்ந்து தரலாம். மீதியை மோட்டார் தருகிறது. அந்தப் பகிர்வுக்காகத்தான் மோட்டார். சமதளத்தில் ஏற்கெனவே எளிதாக ஓடும் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவதற்கு அதைச் செலவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சமதளத்தில் முதல் படி, எதிர்காற்றில் இரண்டாவது, ஏற்றத்தில் மூன்றாவது என்று உதவியை மாற்றிக்கொண்டே போனால் மிதிக்கும் உழைப்பு பயணம் முழுவதும் ஒரே அளவில் இருக்கும். இதயத்துக்கும் முழங்காலுக்கும் இதமானது அதுவே.

முழங்கால் வலிப்பது எத்தனை கி.மீ. ஓட்டினோம் என்பதைவிட, ஒவ்வொரு மிதிக்கும் எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்தது. மோட்டார் இருக்கிறது என்ற தைரியத்தில் பெரிய கியரில் மெதுவாக மிதிப்பவர்களின் முழங்கால் வலி குறைவதில்லை. நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று மிதிக்க முடிகிற கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இது சக்கர மோட்டாருக்கும் நல்லது, ஏனென்றால் ஏற்றத்தில் வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிட்டால் மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். அப்படியே தொடர்ந்தால் உள்ளிருக்கும் நைலான் பற்சக்கரங்களும் சுருள்களும் கெடும். ஏற்றத்தில் மோட்டார் முனகத் தொடங்கினால், நீங்களும் அதிகம் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டும். பல தொகுப்புகளில் தள்ளும்போது மட்டும் நடைவேகத்தில் உதவும் பொத்தான் ஒன்று உண்டு. இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உச்சியை அடைந்ததும் உடனே நின்று இறங்கிவிடாதீர்கள். உழைத்த கால்களில் தேங்கும் இரத்தம் திரும்பிவர ஓரிரு நிமிடம் வேண்டும். அதுவரை இலேசாக மிதித்துக்கொண்டிருந்தால் இறங்கும்போது வரும் கிறுகிறுப்பைத் தவிர்க்கலாம்.

பேட்டரி

36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 360 வாட்-அவர் ஆற்றல் இருக்கிறது. சமதளத்தில், நீங்களும் உழைத்து மிதித்தால், ஒரு கி.மீ.க்கு 8 முதல் 12 வாட்-அவர் செலவாகும். த்ராட்டிலை மட்டும் நம்பினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். பேட்டரியின் ஆற்றலை இந்தச் செலவால் வகுத்தால் போகக்கூடிய தூரம் கிடைக்கும். ஏற்றமும் குளிரும் காற்றும் அந்தத் தூரத்தைக் குறைத்துவிடும் என்பதால், வந்த கணக்கில் மூன்றில் இரண்டு பங்கையே நம்பிப் பயணத்தை வகுக்க வேண்டும்.

பேட்டரியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வேறொன்று அதே முனையோடு பொருந்துவது ஆபத்தானது, ஏனெனில் 48 வோல்ட் சார்ஜர் 36 வோல்ட் பேட்டரியில் பொருந்திவிட்டால் தீப்பிடிக்கக்கூடும். ஓட்டி வந்த சூடு தணிந்த பிறகு, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். வீட்டை விட்டு வெளியேறும் வழியில், அதாவது வாசல் நடையிலோ படிக்கட்டின் கீழோ, வைத்து ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், வேகமாக ஓட முடியாத நமக்கு வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட, உப்பிய, தண்ணீர் புகுந்த பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பல வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி அளவு மின்சாரத்தோடு, குளிர்ச்சியான இடத்தில் கழற்றி வையுங்கள். தூக்கி வைக்கும் கனம் இரண்டரை முதல் மூன்று கிலோ. முதுகு வலி உள்ளவர்கள் அதைக் குனிந்து கழற்றாமல் அமர்ந்தபடி கழற்றலாம்.

வழியில்

மோட்டார் உள்ள சக்கரத்தில் பஞ்சர் ஆனால் அதைக் கழற்றுவது சாதாரண வேலை இல்லை: கேபிளின் இணைப்பைப் பிரிக்க வேண்டும், அச்சின் பெரிய நட்டுகளை, பெரும்பாலும் 18 மி.மீ. ஸ்பேனரால், முழு விசையோடு தளர்த்த வேண்டும், டார்க் ஆர்மை எடுக்க வேண்டும், திரும்பப் பொருத்தும்போது வாஷர்களின் வரிசை மாறக் கூடாது. விரல்களின் பிடி தளர்ந்தவருக்குச் சாலையோரத்தில் இது ஆகிற காரியம் இல்லை. சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டுப் போடும் முறையை வீட்டில் ஒரு முறை செய்து பழகுங்கள். அதைவிட நல்லது, முள் தைக்காத தடித்த பட்டை உள்ள டயரை முதலிலேயே வாங்கி, காற்றை வாரந்தோறும் சோதிப்பது. 40 முதல் 50 மி.மீ. அகல டயர் பள்ளங்களின் அதிர்ச்சியை மணிக்கட்டுக்கு வராமல் வாங்கிக்கொள்ளும். முதல் நூறு கி.மீ.க்குப் பிறகு ஆரக்கம்பிகளின் இறுக்கத்தையும் அச்சு நட்டுகளையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். புதிதாகக் கோத்த மோட்டார்ச் சக்கரத்தில் கம்பிகள் தளர்வது வழக்கம்.

பழகிய பிறகு, ஒரு நாள், மோட்டாரை முழுவதும் அணைத்துவிட்டு உங்கள் வழக்கமான பாதையில் எவ்வளவு தூரம் மிதிக்க முடிகிறது என்று பாருங்கள். எனக்கு அது 4 கி.மீ. வந்தது, அதில் ஒரு சிறு ஏற்றமும் அடக்கம். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பேட்டரி பாதிக்குக் குறைந்தபின் வீட்டிலிருந்து அந்தத் தூரத்துக்கு அப்பால் இல்லாதபடி ஒவ்வொரு பயணத்தையும் வகுத்துக்கொள்ளுங்கள்.